பெருந்தொற்றுக் காலத்தில் மருத்துவப் படிப்பு: பர்ன்அவுட் வரும்போது எதைக் குறைப்பது?

பிரேக்கியல் பிளெக்ஸஸ் (கைக்குப் போகும் நரம்புப் பின்னல்) பக்கத்தை மூன்று தடவை படித்தும் ஒன்றும் மனதில் நிற்கவில்லை என்றால், பலரும் படிக்கும் நேரத்தை இரண்டு மணி நேரம் கூட்டுகிறார்கள். அந்த நேரம் தூக்கத்திலிருந்துதான் போகிறது. படித்தது மூளையில் பதிய தூக்கம் வேண்டும் என்பதால் மறுநாள் இன்னும் மோசமாகிறது. பர்ன்அவுட்டில், அதாவது ஓயாத அழுத்தத்தால் வரும் சோர்வில், முதலில் செய்ய வேண்டியது குறைப்பதுதான்.

உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டுப் பட்டியலான ஐசிடி-11 பர்ன்அவுட்டுக்கு மூன்று கூறுகளைச் சொல்கிறது: தீராத அசதி, வேலையிலிருந்து மனம் விலகுவது, நம்மால் முடியாது என்ற எண்ணம். மாணவர்கள் கவனிக்க வேண்டியது இரண்டாவதை. கேஸ் கேட்கும்போது நோயாளி மேல் அக்கறையே வராமல் ‘முடிந்தால் போதும்’ என்று தோன்றுவதுதான் அது.

2020 மார்ச்சில் பல நாடுகளில் வார்டு போஸ்டிங் (வார்டில் நோயாளிகளைப் பார்த்துப் பழகும் பயிற்சி) நின்று, வகுப்புகள் திரைக்கு வந்தன. பதிவு செய்த வகுப்புக்கு மணி அடிக்காது. நாள் முடிந்த உணர்வே வராது, பாக்கி மட்டும் ஏறிக்கொண்டே போகும். அந்தப் பாக்கியை முழுக்கப் பார்த்துத் தீர்க்க நினைக்காதீர்கள். ஒரு தலைப்பில் இருபது கேள்விகள் போட்டுவிட்டு, தப்பான பகுதிக்கு மட்டும் வீடியோவைத் திறங்கள்.

ஆங்கி (நினைவிருந்ததா என்று நாம் அழுத்தும் பட்டனைப் பொறுத்துக் கேள்வி அட்டையை மறுபடி காட்டும் செயலி) கார்டுகள் நூற்றுக்கணக்கில் சேர்ந்துவிட்டால் புதிய கார்டை பூஜ்யமாக்கி, பழைய கார்டுகளின் ரிவ்யூவுக்குத் தினசரி வரம்பு வையுங்கள். ஒரே ராத்திரியில் தீர்த்தால் தூக்கக் கலக்கத்தில் தப்பான பட்டன் அழுத்துவீர்கள். அதே கும்பல் சில நாளில் மொத்தமாகத் திரும்பி வரும்.

படுக்கும் நேரத்தைவிட எழும் நேரத்தை நிலையாக வைப்பது எளிது. ஏழு மணி நேரத் தூக்கத்துக்குக் குறையக் கூடாது. காஃபீனின் அரை ஆயுள் ஏறக்குறைய 5 மணி நேரம். மாலை ஐந்து மணிக் காபியில் பாதி இரவு பத்துக்கும் உடம்பில் இருக்கும்.

கேனுலா (ரத்தக்குழாயில் செருகும் மெல்லிய குழாய்) போடுவதை வீடியோ கற்றுத்தராது, அதற்காகக் குற்ற உணர்வு வேண்டாம். ஹிஸ்டரி எடுப்பதை, அதாவது நோயாளியிடம் நோய் விவரம் கேட்பதை, போனிலேயே பழகலாம்: ஒருவர் நோயாளி, ஒருவர் டாக்டர், பத்து நிமிடம், பிறகு மூன்று நிமிடத்தில் கேஸ் பிரசன்டேஷன். தனிமைக்கும் இது நல்ல மருந்து.

கோவிட் வந்து போனபின் அசதி நீடித்தால் பர்ன்அவுட் என்று நீங்களே முடிவுகட்டாமல் பரிசோதனை செய்யுங்கள். ரத்தசோகையும் தைராய்டும் இப்படித்தான் தோன்றும். படிப்பு மட்டுமல்லாமல் நண்பர்கள், பாட்டு என எதுவுமே இரண்டு வாரமாகப் பிடிக்கவில்லை என்றால் மனச்சோர்வு நோயாக இருக்கலாம். மனச்சோர்வை அளக்கும் ஒன்பது கேள்விப் படிவமான பிஎச்க்யூ-9-இல் மதிப்பெண் பத்து அல்லது அதற்கு மேல் வந்தால் மருத்துவரைப் பாருங்கள். ஒன்பதாவது கேள்வி சாவைப் பற்றியும் தன்னைக் காயப்படுத்திக்கொள்வதைப் பற்றியும் கேட்கிறது. அதில் பூஜ்யம் தவிர எது வந்தாலும், மொத்தம் எவ்வளவு என்று பார்க்காமல் அன்றைக்கே ஒருவரிடம் சொல்லுங்கள். தூக்க மாத்திரையை நீங்களே எழுதிக்கொள்ளாதீர்கள். பரீட்சையைத் தள்ளிவைக்க வேண்டியிருந்தால் தேதிக்கு முன்பே துறையில் கேளுங்கள். தோற்றபின் கேட்டால் வழிகள் குறைவு.