பச்சை மலம்

கீரிபோல் நீண்ட உடல்கொண்ட வளர்ப்பு விலங்கான ஃபெரட்டின் மலத்தட்டில் இன்று காலை பச்சையாக, சளி பூசியதுபோல வழவழவென்று கிடந்தது. வளர்ப்பவர்கள் நேற்றுதான் உணவை மாற்றியிருக்கிறார்கள். ஒரே நாளில், முழுக் கிண்ணமும்.

ஃபெரட் முழு ஊனுண்ணி. குடல் ரொம்பக் குட்டை. தின்றது 3, 4 மணி நேரத்தில் வெளியே வந்துவிடும். பழகாத உணவு என்றால் இன்னும் வேகமாக ஓடும். பித்தம் நிறம் மாற நேரமே இல்லை. அந்தப் பச்சை அதுதான்.

தினை கலந்ததுபோல் குறுணையாக இருந்தால், உணவு சரியாகச் செரிக்கவில்லை.

பழைய உணவுக்கே திரும்புங்கள். மலம் இறுகியபின் பழையது 9 பங்கு, புதியது 1 பங்கு. 3 நாளுக்கு ஒருமுறை ஒரு பங்கு கூட்டுங்கள். மாதம் ஆகட்டும், பரவாயில்லை. குட்டியில் பழகிய மணத்தைத்தான் அது உணவென்றே நம்பும்.

பால் வேண்டாம், பழம் வேண்டாம்.

வயிறு சரியாகட்டும் என்று தயவுசெய்து பட்டினி போடாதீர்கள். 3 வயது தாண்டிய ஃபெரட்டுகளுக்கு, இன்சுலினை அதிகமாகச் சுரக்கும் கணையக் கட்டி சகஜம். சில மணி நேரப் பட்டினியிலேயே இரத்தச் சர்க்கரை சரிந்து சுருண்டுவிடும்.

தார்போல் கறுத்த மலம், வாந்தி, பல்லை நறநறவென்று கடிப்பது: அன்றே மருத்துவரிடம் போங்கள். குடலில் புண் இருக்கலாம், விழுங்கிய ரப்பர் துண்டு அடைத்திருக்கலாம். உணவு மாற்றம்தான் காரணம் என்று காத்திருக்காதீர்கள்.