அத்தையும் நானும் வாங்கிய சான்றிதழ்

இலங்கையில் தமிழருக்கு எதிராக 1977ல் நடந்த கலவரத்துக்குப் பிறகு, மலையகத்தில் தலவாக்கலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களை விட்டு வடக்கே வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் லொறியேறிப் போன குடும்பங்களில் ஒன்றில்தான் என் அத்தையைக் கட்டிக்கொடுத்தார்கள். அங்கே போனால் யாரும் அடிக்க மாட்டார்கள் என்று நம்பிப் போனவர்கள் அவர்கள். 2009 மே மாதம், முள்ளிவாய்க்காலில், தண்ணீர் எடுத்து வருகிறேன் என்று கேனோடு போன மாமா திரும்பி வரவில்லை. அத்தை இரண்டு பிள்ளைகளோடு செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில் இருந்துவிட்டு, 2010ல் தோட்டத்தில் எங்கள் லயத்துக்கு, அந்த வரிசை வீடுகளுக்கு, வந்து சேர்ந்தார். பத்தடிக்குப் பன்னிரண்டடி காம்பராவில், ஒரே அறையில், ஏழு பேரானோம்.

முதலில் நாங்கள் செய்தது தவறு. 2010ல் வந்த சட்டப்படி போரில் காணாமல் போனவருக்கு இறப்புச் சான்றிதழ் எடுக்கலாம் என்று தெரிந்ததும், வாங்கிவிடலாம் என்று அப்பா அவசரப்பட்டார். பிள்ளைகளின் பள்ளிக்கூடம், மாமா பெயரில் இருந்த வங்கிக் காசு, எல்லாவற்றுக்கும் அது வேண்டியிருந்தது. அத்தை ஒரே வார்த்தையில் மறுத்தார். "செத்துட்டாருன்னு நான் எப்படி கையெழுத்து போடுவேன்?"

அது பிடிவாதம் என்றுதான் நானும் நினைத்தேன். அந்த மாசியில் தோட்டத்தில் காமன் கூத்து நடந்தது. காமன் எரிந்ததும் அவன் மனைவி ரதியின் ஒப்பாரி தொடங்கியது. அத்தை எழுந்து இருட்டில் தனியாக லயத்துக்கு நடந்தார். பின்னாலேயே போனேன். இஸ்தோப்பில், வாசல் திண்ணையில், உட்கார்ந்து, நெற்றிப் பொட்டைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். பொட்டு வைக்கலாமா, தாலி போடலாமா, சடங்கு வீட்டில் முன்னால் நிற்கலாமா என்று லயத்தில் ஆளுக்கொன்று சொல்லிக்கொண்டிருந்த காலம் அது. அன்றைக்குப் பிறகு எங்கள் வீட்டில் யாரும் இறப்புச் சான்றிதழ்ப் பேச்சை எடுக்கவில்லை.

2016ல் அந்தச் சட்டத்தைத் திருத்தி, காணக்கிடைக்காமைச் சான்றிதழ் என்று ஒன்றைக் கொண்டுவந்தார்கள். ஆள் இறந்தார் என்று அது சொல்லாது. காணவில்லை என்று மட்டும் சொல்லும். அதை வைத்துப் பிள்ளைகளுக்குப் பொறுப்பேற்கலாம், சொத்தைப் பார்த்துக்கொள்ளலாம், உதவித் திட்டங்களுக்கு எழுதிப் போடலாம். முன்பே இறப்புச் சான்றிதழ் வாங்கியவர்களும் அதை மாற்றி இதை வாங்க இடமுண்டு. இதை நான் பள்ளிக்கூடத்தில் சக ஆசிரியை ஒருவரிடமிருந்துதான் தெரிந்துகொண்டேன், அதுவும் 2018 கடைசியில். அத்தையிடம் சொன்னபோது வெகுநேரம் பேசாமல் இருந்தார். அப்புறம், "இதுல பொய் இல்லையே" என்றார். அதற்குப் பிறகுதான் படிவத்தை எடுத்தேன்.

அத்தையிடம் இருந்த காகிதங்கள் எல்லாம் கொழுந்து பறிக்கும்போது இடுப்பில் கட்டும் ஒரு பழைய படங்கில் சுற்றி இருந்தன. வவுனியாவில் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் கொடுத்த முறைப்பாட்டின் துண்டு, செஞ்சிலுவைக்காரர்கள் பதிந்துகொண்ட அட்டை, மாமாவின் அடையாள அட்டைக் கொப்பி. எங்களை நாலு மாதம் அலையவைத்தது ஒரே ஓர் எழுத்து. முறைப்பாட்டில் மாமாவின் தகப்பன் பெயர் முதலெழுத்து 'எம்', அடையாள அட்டையில் 'ஆர்'. முகாமில் யாரோ அவசரத்தில் எழுதியது. ஓர் அலுவலகத்தில் படிவத்தைத் திருப்பித் தந்துவிட்டு, "வடக்கு ஆட்கள் வடக்கிலேயே கொடுங்கள்" என்றார்கள். அத்தை பிறந்த வீடு அங்கிருந்து அரை மணி நேரப் பஸ் பயணம். என் அரைகுறைச் சிங்களத்தில் அதைச் சொன்னபோது குரல் உடைந்துவிட்டது.

கடைசியில், இரண்டு எழுத்தும் ஒரே ஆளுடையதுதான் என்று சமாதான நீதவானிடம் சத்தியம் செய்து, சத்தியக் கடதாசி முடித்தோம். விவாகப் பதிவின் பிரதிக்குக் கிளிநொச்சி போனோம். அங்கே கந்தசாமி கோயிலுக்கு முன்னால் காணாமல் போன பிள்ளைகளைக் கேட்டு 2017 பெப்ரவரி 20 முதல் தொடர்ந்து உட்கார்ந்திருக்கும் தாய்மாரோடு அத்தை ஒரு மத்தியானம் முழுவதும் இருந்தார். "காகிதத்தைக் குடுத்துக் கணக்கை முடிக்கப் பார்ப்பாங்கள்" என்றார் ஒரு அம்மா. அந்தப் பயம் நியாயமானது. காணாமல் போனவர்களின் குடும்பங்களுக்கு மாதம் 6,000 ரூபாய் தருவதாக 2019 வரவுசெலவுத் திட்டத்தில் சொன்னதையும் அவர்கள் அப்படித்தான் பார்த்தார்கள். சான்றிதழ் வாங்கினாலும் தேடச் சொல்லிக் கேட்கும் உரிமை போகாது என்று எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். முடிவை அத்தைதான் எடுத்தார்.

இப்படி ஒருவருக்காகச் சான்றிதழ் வாங்க அலைபவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஒவ்வொரு மேசையிலும் அந்தக் கடைசி நாளை முதலிலிருந்து சொல்லச் சொல்வார்கள். மூன்றாவது இடத்தில் அத்தைக்குப் பேச்சே வரவில்லை. அன்றிரவு அவர் சொல்லச் சொல்ல ஒருமுறை முழுவதையும் எழுதி, வாசித்துக் காட்டி, கையெழுத்து வாங்கினேன். பிறகு எங்கே போனாலும் அந்தத் தாளை முதலில் நீட்டி, "வாசித்துவிட்டு மிச்சம் இருந்தால் கேளுங்கள்" என்றேன். காணாமற்போனோர் அலுவலகத்து அதிகாரி அப்படியே செய்தார். அந்த விசாரணைக்கு மறுநாள் அத்தையை யாரும் எதற்கும் கூப்பிடவில்லை. இரண்டு நாள் தூங்கினார்.

போகும் ஒவ்வொரு நாளும் அத்தைக்குக் கொழுந்து பறித்துக் கிடைக்கும் 700 ரூபாய் சம்பளம் போனது. அரை நாளில் திரும்பிய நாட்களில், பக்கத்து நிரைக்காரிகள் ஆளுக்கிரண்டு பிடி கொழுந்தை அத்தையின் கூடையில் போட்டு அவருக்குப் பேர் விழவைத்தார்கள், அதாவது நாள் சம்பளம் கிடைக்கச் செய்தார்கள். முன்பு பொட்டைப் பற்றிப் பேசியவர்களும் அதில் இருந்தார்கள்.

சான்றிதழ் கைக்கு வந்ததும் அத்தை முதலில் அந்த முதலெழுத்தைத்தான் விரலால் தடவிப் பார்த்தார். 'ஆர்'. பிறகு படங்கில் சுற்றி வைத்தார். போன மாதம் கீழ்லயத்து அக்கா ஒருவர், மகனைத் தேடுபவர், எங்கள் வாசலுக்கு வந்தார். நான் பேனா தேடுவதற்குள் அத்தை பாயை விரித்துவிட்டார்.

"உக்காரு. மொதல்ல எல்லாக் காகிதத்துலயும் பேரு ஒண்ணா இருக்கான்னு பாப்போம்."