குயவன் வீட்டில் ஒரு காபி

நான் போகிற கிறிஸ்தவ சபைக்குக் கோபுரமும் இல்லை, மணியும் இல்லை. அமெரிக்காவில், மேரிலாண்டின் சில்வர் ஸ்பிரிங் பக்கம் ஒரு காபிக் கடையில் வியாழக்கிழமை சாயங்காலம் கூடுகிறோம். பத்துப் பேர் வந்துவிட்டால் பெரிய கூட்டம். யாராவது ஒருவர் வேதத்திலிருந்து ஒரு பகுதியை வாசிப்பார், அப்புறம் பேச்சுதான். பிரசங்கம் கிடையாது. சொன்னது பிடிக்கவில்லை என்றால் அங்கேயே மறுத்துப் பேசலாம். மறுத்துப் பேசுவதற்கென்றே வருகிற ஒரு ரிட்டயர்டு வக்கீலும் இருக்கிறார், கடவுள் நம்பிக்கை இல்லாதவர். அவர் வராத வாரம் சப்பென்று இருக்கும்.

பாளையங்கோட்டையில் இருக்கிற அம்மாவுக்கு இது இன்னும் செரிக்கவில்லை. "ஏட்டி, காபிக் கடையில இருந்துகிட்டு ஆராதனைன்னு சொல்லுதியே, காணிக்கைப் பை சுத்தி வருமா?" என்று போனில் கேட்டாள். பை வராதும்மா, டிப்ஸ் ஜாடிதான் உண்டு என்றேன். சிரிக்கவில்லை. ஆளுக்கு ஒரு காபியாவது வாங்க வேண்டும், டிப்ஸ் தாராளமாகப் போட வேண்டும் என்பது எங்களுக்குள் எழுதாத சட்டம். இரண்டு மணி நேரம் மேஜையைப் பிடித்துக்கொண்டு தண்ணீரை மட்டும் குடித்துவிட்டுப் போனால், கல்லாவில் நிற்கிற பெண் நம்மைப் பற்றியும் நம் சாமியைப் பற்றியும் என்ன நினைப்பாள்?

இதெல்லாம் இந்தக் காலத்துப் பிள்ளைகளின் புதுமை என்று சொல்கிறவர்களை நான் வாஷிங்டனில் கொலம்பியா ரோட்டுக்குக் கூட்டிக்கொண்டு போவேன். மெட்ரோ ரயிலின் ரெட் லைனில் உட்லி பார்க்கில் இறங்கி, டியூக் எலிங்டன் பாலத்தைத் தாண்டி நடந்தால் ஆடம்ஸ் மார்கன் வரும். வெள்ளைக்காரப் பிள்ளைகள் படித்த ஆடம்ஸ் பள்ளி, கறுப்பினப் பிள்ளைகள் படித்த மார்கன் பள்ளி, இரண்டின் பெயரையும் சேர்த்து 1950களில் அந்தப் பகுதிக்கு வைத்த பெயர் அது. அங்கேதான் 'பாட்டர்ஸ் ஹவுஸ்', அதாவது குயவன் வீடு, இருக்கிறது. பைபிளில் எரேமியா 18-ஆம் அதிகாரத்தில் வருகிற குயவன்தான். 1960-ல் 'சர்ச் ஆஃப் த சேவியர்' என்ற சின்ன சபை திறந்த காபிக் கடை.

அந்தச் சபையைத் தொடங்கிய கார்டன் காஸ்பி, இரண்டாம் உலகப் போரில் ராணுவப் போதகராக இருந்தவர். போர் முடிந்து வந்ததும் 1940களிலேயே, கறுப்பரும் வெள்ளையரும் சேர்ந்து உட்காரும் சபையை வாஷிங்டனில் ஆரம்பித்தார். அந்த ஊர் அன்று இருந்த நிலையில் அது சாதாரண விஷயம் இல்லை. காபிக் கடை யோசனை வந்த விதம் எனக்கு மிகவும் பிடிக்கும். அவரும் மனைவி மேரியும் அமெரிக்காவின் வடகிழக்கில் உள்ள நியூ இங்கிலாந்தில் ஒரு சபைக்குப் பிரசங்கத்துக்குப் போயிருக்கிறார்கள். களையே இல்லாத கூட்டம். அன்று இரவு தங்கிய அறைக்குக் கீழே மதுக்கடை. பேச்சும் சிரிப்புமாகச் சத்தம் மேலே வந்துகொண்டே இருந்திருக்கிறது. இயேசு வந்தால் அந்தக் கோயிலைவிட இந்தக் கடையில்தான் சௌகரியமாக உட்காருவார் என்று காஸ்பிக்குத் தோன்றியதாம். எங்கள் ஊர்ச் சபையில் ஒரு போதகர் ஐயர் இப்படிச் சொல்லியிருந்தால் மறுவாரமே மாற்றல் உத்தரவு வந்திருக்கும்.

குயவன் வீட்டுக் காபிக் கடைக்கு வருகிறவர்களிடம் எதுவும் கேட்கவில்லை. காபி குடிக்கலாம், பேசலாம், எழுந்து போகலாம். நடத்தியவர்கள் கதை வேறு. சபையில் அங்கத்தினர் ஆவதற்கே படிப்பு உண்டு. தினமும் ஜெபத்துக்கு நேரம் ஒதுக்க வேண்டும், தசமபாகத்தில், அதாவது வருமானத்தில் பத்தில் ஒரு பங்கில், தொடங்கி அதற்கு மேல் கொடுக்க வேண்டும், ஏதாவது ஒரு ஊழியக் குழுவில் இருந்தே ஆக வேண்டும். வருஷத்துக்கு ஒரு முறை, இந்த உறுதிமொழியை மறுபடி எடுக்கிறாயா இல்லையா என்ற கேள்வி வரும். அதனால் சபை பெருகவே இல்லை. அவர்களும் பெருக்க நினைக்கவில்லை. 1976-ல் தாங்களாகவே பல சிறு சபைகளாகப் பிரிந்துகொண்டார்கள்.

அந்தக் காபி மேஜைகளைச் சுற்றி இருந்தவர்களில் சிலர்தான் 1973-ல் ஜூபிலி ஹவுசிங் தொடங்கியவர்கள். ரிட்ஸ், மொசார்ட் என்று அந்தப் பகுதியில் இரண்டு அடுக்குமாடிகள். பெயரில்தான் பவிசு, நகராட்சி விதிமீறல்கள் மட்டும் 900-க்கும் மேல். பெரிய கட்டுமானத் தொழிலதிபரான ஜேம்ஸ் ரௌஸ் பணத்துக்கு வழி செய்தார். இவர்கள் குப்பை அள்ளி, சுவர் பூசி, குறைந்த வாடகைக்கு வீடுகளாக்கினார்கள். அந்த அனுபவத்திலிருந்துதான் ரௌஸ் 1982-ல் என்டர்பிரைஸ் என்ற வீட்டுவசதி அமைப்பையே தொடங்கினார். 1985-ல் அதே ரோட்டில் 'கிறைஸ்ட் ஹவுஸ்' வந்தது. தெருவில் வாழ்கிறவர்கள் ஆஸ்பத்திரியிலிருந்து வந்தால் படுத்துக் குணமாவதற்கு ஓர் இடம். காஸ்பி 2013-ல் காலமானார். கடை புதுப்பிக்கப்பட்டு 2015-ல் மறுபடி திறந்தது. இப்போதும் காபி உண்டு, புத்தகங்களும் உண்டு.

காபிக் கடைச் சபை நடத்தப் போகிறோம் என்று கிளம்புகிற பலர் காபியை மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள் என்பது என் எண்ணம். எங்கள் குழுவையும் சேர்த்தேதான் சொல்கிறேன். நன்றாகப் பேசுகிறோம். பேசிவிட்டுக் காரில் ஏறி வீட்டுக்குப் போய்விடுகிறோம். போன மாதம் வக்கீல்தான் இதை எடுத்தார்: "நீங்கள் நம்புகிறவர்கள்தானே, இந்தத் தெருவுக்கு என்ன செய்தீர்கள்?" கொஞ்ச நேரம் எல்லோரும் கப்பையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

ஆனாலும் இந்தப் பேச்சை நான் விடமாட்டேன். ஊரில் வீட்டு ஜெபக்கூட்டம் என்றால் பாட்டு, ஜெபம், வேதபாடம், ஆசீர்வாதம் எல்லாம் முடிந்து காபியும் மிக்சரும் வந்த பிறகுதான் ஆட்கள் வாயைத் திறப்பார்கள். கடன், மருமகன் குடி, மகளுக்குத் தள்ளிப்போகிற கல்யாணம் எல்லாம் அந்தக் கால் மணி நேரத்தில்தான் வெளியே வரும். அதற்குள் ஐயர் அடுத்த வீட்டுக்குக் கிளம்பியிருப்பார். இங்கே காபியில் தொடங்குவதால் அந்தப் பேச்சுக்கு முழுச் சாயங்காலமும் கிடைக்கிறது.

தொல்லைகளும் உண்டு. யாராவது குரல் தழுதழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கும்போதுதான் காபிக் கொட்டை அரைக்கிற மெஷின் அலறும். பக்கத்து மேஜையில் லேப்டாப்பில் இண்டர்வியூ நடக்கும். நற்கருணைக்கு, அதாவது அப்பமும் திராட்சரசமும் பகிரும் சடங்குக்கு, என்ன செய்வது என்று இன்னும் முடிவாகவில்லை. எங்களில் ஒருவருடைய அப்பா இறந்தபோது, அடக்க ஆராதனைக்குக் கோபுரமும் மணியும் உள்ள கோயிலுக்குத்தான் போனோம். அங்கிருந்த பெரியவர்கள் எந்தக் கேள்வியும் கேட்காமல் கதவைத் திறந்து, ஹாலில் சாப்பாடும் போட்டார்கள்.

வருகிற வாரம் வக்கீலின் கேள்வியைத்தான் எடுக்கப்போகிறோம். கடைக்குப் பின்னால் உள்ள குடியிருப்பில் ஸ்பானிஷ் பேசும் பிள்ளைகளுக்குச் சனிக்கிழமை வீட்டுப்பாடம் சொல்லிக்கொடுக்கலாம் என்று ஒரு யோசனை இருக்கிறது. கணக்குப் பாடத்துக்கு முதலில் பெயர் கொடுத்தவர் வக்கீல்தான்.