லிக்ஸில் தமிழ் பிடிஎஃப்: 'பிழை இல்லை' என்பதை நம்பாதீர்கள்

லினக்ஸில் லிக்ஸ் (லேடெக் என்ற அச்சுக்கோப்பு முறையை மெனுக்கள் வழியாகவே பயன்படுத்த உதவும் மென்பொருள்) கொண்டு ஒரு தமிழ்க் கட்டுரைத் தொகுப்பை ஒருவழியாக பிடிஎஃப் ஆக்கிவிட்டேன். இதே வேலையில் இறங்குகிறவர்கள் நான் மாட்டிக்கொண்ட இடங்களில் மாட்டக் கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

முதல் தடை பலருக்கும் தெரிந்ததுதான். பிடிஎஃப் ஆக்கும் வழக்கமான நிரலான பிடிஎஃப்லேடெக் வழியில் எடுத்தால் தமிழ் எழுத்துகளுக்கெல்லாம் பிழை காட்டும். ஆவண அமைப்புகளில் எழுத்துருப் பகுதிக்குப் போய், டெக் அல்லாத எழுத்துருக்களைத் தேர்ந்தெடுத்து கணினியில் உள்ள யுனிகோடு எழுத்துருக்களைக் கையாளும் ஸீடெக் என்ற நிரல் வழியாக எடுக்க வேண்டும். சரி, தேர்ந்தெடுத்தாயிற்று. ஏற்றுமதி மெனுவில் ஸீடெக்கைக் காணோம்.

விசாரித்தபோது கிடைத்த ஆலோசனை: இந்த டெக் நிரல்களின் மொத்தத் தொகுப்பான டெக்லைவை முழுதாக அழித்துவிட்டு மறுபடி நிறுவு. பல ஜிபி இறக்கி, காத்திருந்து, திறந்தால் மெனு அப்படியே இருக்கிறது. அந்த இறக்கம் தேவையே இல்லை. டெபியன் வழி வந்த லினக்ஸ்களில் ஸீடெக் ஒரு தனிப் பொதி. அதை நிறுவினால் போதும். அதைவிட முக்கியம், நிறுவியதும் லிக்ஸின் கருவிகள் மெனுவில் 'ரீகான்ஃபிகர்' கொடுத்து, லிக்ஸை மூடித் திறப்பது. கணினியில் புதிதாக என்ன வந்திருக்கிறது என்று லிக்ஸ் அப்போதுதான் தேடிப் பார்க்கும். ஆலோசனை சொன்னவர் இந்த ஒரு வரியைச் சொல்லியிருந்தால் எனக்கு அலைச்சலே இருந்திருக்காது.

அப்புறம் பிடிஎஃப் வந்தது. பிழை எதுவும் காட்டவில்லை. பக்கங்களைப் புரட்டினால் கட்டுரைகள் இருக்கின்றன, தலைப்பு ஒன்றுகூட இல்லை! எழுத்துருவில் ஓர் எழுத்து இல்லாவிட்டால் டெக் வேலையை நிறுத்தாது. பதிவுக் கோப்பில் 'மிஸ்ஸிங் கேரக்டர்' என்று எழுதிவிட்டு மேலே போய்விடும். ஆவணம் மெனுவில் லேடெக் லாகைத் திறந்து அந்தச் சொல்லைத் தேடினேன். வரிசையாக வந்தன, எல்லாவற்றிலும் ஒரே எழுத்துரு: லேட்டின் மாடர்ன் சான்ஸ். நான் எடுத்திருந்த கோமா-ஸ்கிரிப்ட் ஆவண வகுப்புகள் (ஆவணத்தின் தோற்றத்தைத் தீர்மானிக்கும் வார்ப்புருக்கள்) தலைப்புகளை சான்ஸ் எழுத்துருவில் போடுகின்றன. எழுத்துரு அமைப்பில் ரோமன் என்ற இடத்தில் கொடுக்கும் தமிழ் எழுத்துரு தலைப்புக்குப் போய்ச் சேராது. சான்ஸுக்கும் தனியாகக் கொடுக்க வேண்டும். காரணம் பிடிபட்டபோது வந்த சந்தோஷம் கொஞ்சமல்ல.

டெக்லைவ் 2021 முதல், டிரேசிங்லாஸ்ட்கேர்ஸ் என்ற டெக் அமைப்பின் மதிப்பை 3 என்று வைத்தால் விடுபடும் எழுத்தைப் பிழையாகவே காட்டும். தமிழில் வேலை செய்கிறவர்கள் எல்லா ஆவணத்திலும் இதை வைத்துவிடுங்கள்.

கடைசி வேதனை கொம்பு. 'கெ' என்று வர வேண்டிய இடத்தில் ககரம் முன்னாலும் கொம்பு பின்னாலும் நிற்கிறது. எழுத்துரு மேல் சந்தேகப்பட்டு மாற்றி மாற்றிப் பார்த்துப் பயனில்லை. இது தமிழ் எழுத்துமுறை என்று எழுத்துருக்களை ஏற்றும் ஃபான்ட்ஸ்பெக் பொதிக்குச் சொல்ல வேண்டும். ப்ரீஆம்பிளில் (ஆவண அமைப்புகளில் லேடெக் கட்டளைகளை எழுதும் இடம்) செட்மெயின்ஃபான்ட், செட்சான்ஸ்ஃபான்ட் கட்டளைகள் இரண்டிலும் 'ஸ்கிரிப்ட்' என்பதற்குத் 'தமிழ்' என்று ஆங்கில எழுத்தில் கொடுத்ததும் கொம்புகள் தங்கள் இடத்துக்கு வந்தன. ஸீடெக்குக்குப் பதில் லுவாடெக்கில் எடுப்பவர்கள் ரெண்டரராக (எழுத்துகளைக் கோத்து அமைக்கும் கருவி) ஹார்ஃப்பஸ்ஸையும் கொடுக்க வேண்டும்.

அச்சுக்கு அனுப்பும் முன் முனையத்தில் பிடிஎஃப்ஃபான்ட்ஸ் கட்டளையை ஓட்டி, எழுத்துருக்கள் எல்லாம் கோப்புக்குள் பதிந்திருக்கின்றனவா என்று பாருங்கள். என் கோப்பில் எல்லா வரிகளிலும் 'யெஸ்' இருந்தது, அன்றே அனுப்பிவிட்டேன்.