கோழிக் கூளத்து வண்டும் அடுத்த பேட்ச் குஞ்சுகளும்

கறிக்கோழிப் பண்ணையில் ஒரு பேட்ச் கோழிகளைப் பிடித்து ஏற்றிவிட்டதும், தரையில் பரப்பியிருந்த பழைய உமிக் கூளத்தை வாரி, தரையைக் கழுவி, சுண்ணாம்பு அடித்து, கிருமிநாசினி தெளித்துக் கொட்டகையைச் சில நாட்கள் காயவிடுகிறோம். இத்தனைக்குப் பிறகும் அடுத்த பேட்ச் குஞ்சுகளிடம் சால்மோனெல்லா என்ற குடல் பாக்டீரியா தென்பட்டால், குஞ்சு பொரிப்பகத்தின் மீதும் தீவனத்தின் மீதும் தண்ணீரின் மீதும் சந்தேகம் விழுகிறது. அவற்றைச் சோதிப்பது முறைதான்; ஆனால் கொட்டகைக்குள்ளேயே தங்கிவிட்ட வண்டைப் பலரும் பொருட்படுத்துவதில்லை என்பது என் நெடுநாளைய ஆதங்கம்.

கூளத்தில் திரியும் சிறிய கறுப்பு வண்டைத்தான் சொல்கிறேன். அல்ஃபிடோபியஸ் டயாபெரினஸ் என்பது அதன் அறிவியல் பெயர். வளர்ந்த வண்டு ஏறத்தாழ 6 மில்லிமீட்டர் நீளம்தான் இருக்கும். அதன் பழுப்பு நிறப் புழு ஒரு சென்டிமீட்டருக்குச் சற்று மேலாக வளரும். தீவனத் தட்டைத் தூக்கினால், அடியில் மொய்த்துக் கிடந்தவை வெளிச்சம் பட்டதுமே சிதறி உமிக்குள் புதைந்துகொள்வதைக் காணலாம். சிந்திய தீவனம், எச்சம், செத்த குஞ்சு எதையும் அவை விடுவதில்லை. செத்ததை அன்றன்றே எடுக்காவிட்டால், அதன் வயிற்றுப் பக்கத்தைப் புழுக்கள் குடைந்துவிடும். அந்த உடலில் இருந்த பாக்டீரியாவும் அவற்றின் குடலுக்குள் போய்விடும். தரையில் தெளிக்கும் கிருமிநாசினி அங்கே எட்டாது.

கொட்டகை காலியாகிக் கூளம் ஆறியதும் இவை மண்தரைக்குள்ளும் சுவர் வெடிப்புகளுக்குள்ளும் இறங்கிவிடுகின்றன. புதுக்கூளம் பரப்பி, குஞ்சுகளுக்காக வெப்பம் ஏற்றும்போது மேலே வருகின்றன. நெளிவது எதுவானாலும் கொத்துவது குஞ்சின் இயல்பு என்பதால், புழுவின் குடலில் இருந்தது குஞ்சின் குடலுக்குப் போய், எச்சத்தின் வழியாக மற்றக் குஞ்சுகளுக்கும் பரவுகிறது. கறிக்கோழி ஆறு வாரத்தில் விற்பனைக்குப் போய்விடும். வண்டோ ஓராண்டுக்கு மேலும் உயிர்வாழக்கூடியது. ஒரே வண்டு பல பேட்ச்களைக் கண்டுவிடுகிறது.

ஆகவே வண்டுக்கான மருந்தைக் கோழிகள் வெளியேறிய அன்றே, கூளம் சூடாக இருக்கும்போதே, சுவரோரங்களிலும் தூண்களின் அடியிலும் அடிக்க வேண்டும். கழுவி முடித்து நான்கு நாள் கழித்து அடிப்பதால் பெரும்பயன் இல்லை. அதற்குள் அவை ஒளிந்துகொண்டிருக்கும். ஒரே வகை மருந்தை ஆண்டுக்கணக்கில் அடித்து வந்தால் அது வண்டுக்குப் பழகிப்போகும் என்பதையும் மறக்கக் கூடாது.

ஈயின் வழி வேறு. அது கிருமியை வெளியிலிருந்து கொண்டுவருகிறது. எச்சத்தில் உட்கார்ந்த ஈ தீவனத்தில் உட்காரும்போது கால்மயிர்களில் ஒட்டியதை மட்டும் விட்டுச்செல்வதில்லை. உமிழ்நீரோடு உண்டதைக் கக்கி, கழிவையும் இட்டுச்செல்கிறது. டென்மார்க்கில் 2006-இல் கறிக்கோழிக் கொட்டகைகளின் காற்றுவழிகளுக்கு ஈ புகாத வலை அடித்துப் பார்த்தார்கள். வலையில்லாத கொட்டகைகளில் கேம்பைலோபாக்டர் என்ற மற்றொரு குடல் பாக்டீரியா கண்ட கோழிக்கூட்டங்கள் 51.4 சதவீதம், வலையிட்டவற்றில் 15.4 சதவீதம். ஆயினும் நாமக்கல், பல்லடம் பக்கத்துத் திறந்தவெளிக் கொட்டகைகளுக்கு அத்தகைய நெருக்கமான வலை பொருந்தாது என்பதே என் கருத்து. சித்திரை வெயிலில் காற்றோட்டம் குறைந்தால் கோழிகள் வெப்பத்தாலேயே செத்துவிடும்.

நம்மால் இயல்வது எருவை ஈரமின்றி வைத்திருப்பது. முட்டைக்கோழிக் கூண்டுகளுக்கு அடியில் குவியும் எரு உலர்ந்திருக்கும்வரை அதில் ஈப்புழு பெருகாது. மேலே கோழி தண்ணீர் குடிக்கும் ஒரு நிப்பிள் ஒழுகினாலும், அதற்கு நேர் கீழே எரு குழைந்து, சில நாட்களில் வெண்புழுக்கள் நெளியத் தொடங்கும். நம் வெப்பத்தில் முட்டை ஈயாக மாறப் பத்து நாட்களே போதும். எருவின் மேல் பூச்சிமருந்தைக் கொட்டுவதையும் தவிர்க்க வேண்டும். ஈயின் முட்டைகளையும் இளம்புழுக்களையும் தின்னும் நுண்ணிய சிலந்திப்பேன்கள் அந்த எருவில்தான் வாழ்கின்றன; மருந்து முதலில் அவற்றைக் கொன்றுவிடுகிறது.

வாரிய கூளத்தைக் கொட்டகை ஓரத்திலேயே குவிப்பதும் பரவலாக இருக்கிறது. இரவில் வண்டுகள் அங்கிருந்து திரும்பிவிடும். அவற்றுக்குப் பறக்கவும் தெரியும். கூளத்தைத் தள்ளிக் கொண்டுபோய்க் குவித்து, தார்ப்பாயால் இறுக மூடினால், உள்ளே எழும் வெப்பத்தில் புழுக்கள் மடியும். குவியலின் ஓரங்கள் போதிய அளவு சூடாவதில்லை என்பதால், ஒரு வாரம் கழித்து வெளிப்புறத்துக் கூளத்தை உட்புறமாகப் புரட்டிப்போட்டு மீண்டும் மூட வேண்டும். வயலுக்கு ஏற்றுவதை அதன் பிறகு வைத்துக்கொள்ளலாம்.