இந்திய பாஸ்போர்ட்டோடு ரன்கார்ன் இடைத்தேர்தலில் ஓட்டுப் போட்ட கதை

இங்கிலாந்தில் வேலை விசாவில் இருக்கும் நம் ஆட்கள் பலருக்கு இன்னும் தெரியாத விஷயம் இது. இந்தியா, இலங்கை பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களும் இங்கே நாடாளுமன்றத் தேர்தலில் ஓட்டுப் போடலாம். காமன்வெல்த் (பெரும்பாலும் பழைய பிரிட்டிஷ் காலனிகள் சேர்ந்த கூட்டமைப்பு) குடிமக்களுக்குச் செல்லுபடியாகும் விசா இருந்தால் போதும், பிரிட்டிஷ் குடியுரிமையோ பி.ஆரோ (நிரந்தரமாகத் தங்கும் உரிமை) வேண்டியதில்லை. பல வருடமாக இங்கேயே வாழும் ஜெர்மன்காரருக்கு இந்த உரிமை கிடையாது, போன வருடம் வந்திறங்கிய நமக்கு உண்டு. பழைய சாம்ராஜ்யம் விட்டுப்போன மிச்சம்தான், ஆனால் கிடைத்ததை ஏன் விடுவது?

நான் இருப்பது லிவர்பூலுக்குப் பக்கத்தில், மெர்சி ஆற்றங்கரையில் இருக்கும் ரன்கார்னில். குளோரின், ரசாயன ஆலைகளை நம்பி வளர்ந்த ஊர். 1964-ல் இதை நியூ டவுன் ஆக்கி, லிவர்பூல் நெரிசலில் இருந்த தொழிலாளர் குடும்பங்களை இங்கே குடிவைத்தார்கள். கேட்க வேண்டுமா, பரம்பரை பரம்பரையாக லேபர் கட்சி ஊர். 2024 பொதுத் தேர்தலில்கூட ரன்கார்ன் அண்ட் ஹெல்ஸ்பி தொகுதியில் லேபர் 14,696 ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தது. ஜெயித்த எம்.பி. மைக் ஏம்ஸ்பரி அதே வருடம் அக்டோபரில் நடுத்தெருவில் ஒருவரைக் குத்திக் கீழே தள்ளி, வழக்காகி, பத்து வாரச் சிறைத் தண்டனை வாங்கி, அப்பீலில் அது நிறுத்திவைக்கப்பட்டு, கடைசியில் 2025 மார்ச்சில் பதவி விலகினார். இடைத்தேர்தல் மே 1 என்று அறிவித்தார்கள்.

பட்டியலில் பெயர் சேர்க்க ஏப்ரல் 11 நள்ளிரவு வரை நேரம் இருந்தது. அரசு இணையதளத்தில் பெயர், முகவரி, பிறந்த தேதி, நாட்டுரிமை, நேஷனல் இன்ஷூரன்ஸ் எண் (வேலை செய்பவர்களுக்கு அரசு கொடுக்கும் எண்), அவ்வளவுதான். நம் ஊர் மாதிரி ரேஷன் கார்டு நகல், பக்கத்து வீட்டுக்காரர் ஓட்டர் ஐடி என்று எதுவும் கேட்பதில்லை. நம்மவர்களுக்குச் சிக்கல் பெயரில்தான். எனக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று இல்லை, அப்பா பெயர் ஓரிடத்தில் முன்னால் வரும், ஓரிடத்தில் பின்னால் வரும், ஊரில் இனிஷியலோடு சரி. பாஸ்போர்ட்டில் எப்படி இருக்கிறதோ அப்படியே அடித்துவிடுங்கள், ஏனென்றால் பூத்தில் அதைத்தான் காட்டப் போகிறீர்கள். அப்புறம், பொதுப் பட்டியல் என்று ஒரு கேள்வி வரும். அது யார் வேண்டுமானாலும் காசு கொடுத்து வாங்கக்கூடிய பட்டியல், வேண்டாம் என்று சொல்லிவிடலாம், ஓட்டுரிமை பாதிக்காது.

என்னோடு வீட்டைப் பகிர்ந்திருந்த தம்பியிடமும் சொன்னேன். "விடுங்கண்ணா, நம்ம ஓட்டப் போட்டு இங்க என்ன மாறப்போகுது"ன்னு சிரித்தான். பட்டியலில் பெயர் இருந்தால் கிரெடிட் ஸ்கோருக்கு நல்லது என்று சொன்னபோது மட்டும் கொஞ்சம் யோசித்தான், அதற்குள் தேதி போய்விட்டது.

பிரச்சாரத்தில் ஒலிபெருக்கி இல்லை, ஊர்வலம் இல்லை, பணமும் இல்லை (கேட்டுப் பார்த்த நண்பர்களுக்காகச் சொல்கிறேன்). ரோசெட் (கட்சி நிறத்தில் ரிப்பன் பூ) குத்திக்கொண்டு கதவைத் தட்டுவார்கள், கதவுத் துளை வழியாகத் துண்டறிக்கை விழுந்துகொண்டே இருக்கும். ஒரு பக்கம் குடியேற்றத்தை எதிர்க்கும் ரிஃபார்ம் யூகே கட்சி குடியேற்றம் என்றே முழங்கியது, இன்னொரு பக்கம் லேபரும் அகதிகளைத் தங்கவைத்திருந்த ஒரு ஹோட்டலை மூடுவது பற்றிப் பேசியது. வாசலில் நின்று குடியேற்றம் பற்றிப் பேச ஆரம்பித்த ஒரு பெரியவர் என் முகத்தைப் பார்த்ததும் "உங்களைச் சொல்லவில்லை" என்று அவசரமாகச் சேர்த்தார். எந்தக் கட்சி என்று சொல்லப்போவதில்லை. அந்த வாக்கியம் எல்லாக் கட்சிக்காரர்களிடமும் தயாராகத்தான் இருக்கிறது என்பது என் கருத்து.

ஓட்டு நாள் எப்போதும் போல வியாழக்கிழமை, விடுமுறை கிடையாது, ஆனால் பூத் காலை 7 முதல் இரவு 10 வரை திறந்திருக்கும், ஷிப்ட் முடித்தே போகலாம். வாசலில் கட்சிக்காரர்கள் ஓட்டர் எண் கேட்பார்கள், சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. உள்ளே போட்டோ அடையாள அட்டை கட்டாயம். இந்திய பாஸ்போர்ட் செல்லும், காலாவதியானாலும் முகம் அடையாளம் தெரிந்தால் சரி. போனில் இருக்கும் ஈ-விசாவையோ பாஸ்போர்ட் போட்டோவையோ காட்டினால் செல்லாது, அசலாகக் கையில் இருக்க வேண்டும். வீட்டுக்கு வந்த போல் கார்டு (எந்த பூத், எப்போது என்று சொல்லும் அட்டை) வெறும் தகவல்தான், அது இல்லாமலும் போடலாம். மேசையில் இருந்த அம்மா என் பெயரைச் சத்தமாகப் படிக்க முயன்று பாதியில் நிறுத்தி, விரலால் வரியைக் காட்டி "இது நீங்கள்தானே" என்றார். நான்தான் என்றேன்.

விரலில் மை வைப்பதில்லை. மெஷின் இல்லை. நோட்டா இல்லை. பதினைந்து பேர் பெயர் உள்ள நீளமான தாள், கயிற்றில் கட்டிய பென்சில், ஒரு பெருக்கல் குறி. பென்சிலா என்று யோசிப்பவர்கள் சொந்தப் பேனாவும் கொண்டுபோகலாம். மடித்துப் பெட்டியில் போட்டதும் முடிந்தது.

எண்ணிக்கை ஆற்றுக்கு அந்தப் பக்கம் விட்னஸில். ரிஃபார்ம் நாலு ஓட்டு முன்னிலை என்று செய்தி வந்ததும் தூக்கம் போய்விட்டது. மறு எண்ணிக்கை நடந்து, மே 2 விடிகாலையில் அறிவித்தார்கள்: ரிஃபார்மின் சாரா போச்சின் 12,645, லேபரின் கேரன் ஷோர் 12,639. ஆறே ஓட்டு. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு நடந்த இடைத்தேர்தல்களில் இதுதான் மிகக் குறைந்த வித்தியாசம், அதற்கு முன் 1973-ல் பெரிக் தொகுதியில் 57 ஓட்டு. இத்தனைக்கும் தொகுதியில் பாதிப் பேருக்கு மேல் ஓட்டே போடவில்லை. தம்பி அன்றைக்கு எழுந்து வந்து, "பேர் சேர்க்கிற லிங்க் எதுண்ணா" என்று கேட்டான்.

வீடு மாறுபவர்கள் கவனிக்க: பெயர் தானாக வராது, ஒவ்வொரு புது முகவரியிலும் திரும்பப் பதிய வேண்டும். வருடா வருடம் கவுன்சிலில் இருந்து வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று கேட்டுக் கடிதம் வரும், விளம்பரம் என்று நினைத்துத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.