ஜட்லாண்ட் வரிசையை மொட்டை மாடியில் நகர்த்திப் பார்த்தது

முதல் உலகப் போர்க்காலப் பிரிட்டிஷ் பெரும்படையான கிராண்ட் ஃப்ளீட்டை அட்டை மாடல்களாகச் செய்து வருகிறேன். அதன் பேட்டில்ஷிப் (பெரிய போர்க்கப்பல்) வரிசை முடிந்துவிட்டது. 1916 மே 31 அன்று ஜெர்மன் கடற்படையோடு நடந்த ஜட்லாண்ட் சண்டையில் அதன் தலைவர் அட்மிரல் ஜெல்லிக்கோ நேரடியாக நடத்திய 24 கப்பல்களும் 1:3000 அளவில் தயார். டெஸ்ட்ராயர்கள் எனும் சின்னப் போர்க்கப்பல்கள் பாதிதான் ஆகியிருக்கின்றன. ஜெர்மன் பக்கம் இன்னும் கத்தரிக்கோல் வைக்கவே இல்லை.

இந்த அளவில் உலோக மாடல்கள் விற்கிறார்கள். வெளிநாட்டிலிருந்து வரவழைக்கும் செலவைப் பார்த்ததும் அட்டைக்கு வந்துவிட்டேன். கல்யாணப் பத்திரிகை அட்டை இதற்கு அருமையாக இருக்கிறது. இரண்டு தாள் ஒட்டினால் கப்பலின் உடம்பு. பால்பாயிண்ட் ரீஃபிளை மெல்லிசாக வெட்டினால் பீரங்கி மேடை, குண்டூசி கொடிமரம். ஜெல்லிக்கோவின் தலைமைக் கப்பல் அயர்ன் டியூக் நிஜத்தில் 190 மீட்டர், என்னிடம் 6.3 சென்டிமீட்டர். அஜின்கோர்ட் மட்டும் ரீஃபிளைத் தின்றது. அதற்கு ஏழு மேடை, 14 பீரங்கி. பிரேசிலுக்காகக் கட்ட ஆரம்பித்து, துருக்கிக்கு விற்று, 1914இல் பிரிட்டன் பிடுங்கி வைத்துக்கொண்ட கப்பல் அது.

செய்வது பாதி வேலைதான். எதை எதற்குப் பக்கத்தில் வைப்பது என்பதில்தான் எனக்கு ருசி. எட்டு கப்பல் ஒரு ஸ்குவாட்ரன். அதை நான்கு நான்காகப் பிரித்தால் இரண்டு டிவிஷன். முதல், இரண்டாம், நான்காம் பேட்டில் ஸ்குவாட்ரன் மூன்றும் சேர்ந்தால் ஆறு டிவிஷன். மூன்றாவது எங்கே என்று கேட்டால், அதில் இருந்தவை பழைய காலத்து மெதுவான கப்பல்கள். சண்டைக்குக் கொஞ்சம் முன்புதான் அவற்றைத் தெற்கே தேம்ஸ் பக்கம் அனுப்பிவிட்டார்கள்.

ஒவ்வொரு கப்பலின் அடியிலும் டிவிஷன் எண்ணை எழுதி வைத்தேன். எழுதும்போதே ஒன்று உறுத்தியது. ஒரே மாதிரிக் கப்பல்களைத்தான் ஒன்றாகப் போடுவார்கள் என்று படித்திருந்தேன். ஒரே வேகம், ஒரே திருப்பம், ஒரே பீரங்கி என்றால் நடத்துவது சுலபம். இரண்டாவது டிவிஷன் அப்படித்தான் இருக்கிறது: ஓரியன், மோனார்க், காங்க்வரர், தண்டரர், நான்கும் ஒரே வகுப்பு. ஆனால் ஜெல்லிக்கோவின் சொந்த டிவிஷனைப் பாருங்கள். அயர்ன் டியூக்குக்கு 13.5 அங்குலப் பீரங்கி, ராயல் ஓக்குக்கு 15, சூப்பர்புக்கு 12, சிலிக்காகக் கட்டிய கனடாவுக்கு 14. ஆறாவது டிவிஷனும் இதே கதம்பம்தான். போர்க்காலத்தில் கப்பல்துறையிலிருந்து வருகிறதைக் காலி இடத்தில் செருகியிருக்கிறார்கள்.

சரி, அளவுக்கு வருவோம். வரிசையில் ஒரு கப்பலுக்கும் அடுத்ததற்கும் இரண்டரை கேபிள் இடைவெளி. ஒரு கேபிள் என்பது கடல் மைலில் பத்தில் ஒரு பங்கு. என் அளவில் இரண்டரை கேபிள் 15.4 சென்டிமீட்டர். 24 கப்பலையும் ஒரே கோட்டில் வைத்தால் மூன்றரை மீட்டருக்கு மேல் போகிறது. சாப்பாட்டு மேசையில் நடக்கிற காரியமில்லை, மொட்டை மாடிக்குப் போனேன்.

பயணத்தின்போது இந்தக் கூட்டம் ஒரே கோட்டில் போகாது. ஆறு டிவிஷனும் ஆறு வரிசையாகப் பக்கம் பக்கமாகப் போகும். வரிசைக்கு வரிசை ஏறத்தாழ ஒரு கடல் மைல். சாக்பீஸால் 61.7 சென்டிமீட்டருக்கு ஒரு கோடாக ஆறு கோடு போட்டேன். எதிரி தெரிந்ததும் இதை ஒற்றைக் கோடாக்க வேண்டும். அப்போதுதான் எல்லாக் கப்பலும் பக்கவாட்டுப் பீரங்கிகளைத் திருப்பிச் சுட முடியும். மாலை ஆறேகால் மணி வாக்கில் ஜெல்லிக்கோ இடது ஓர வரிசையை முன்னால் விட்டு விரிக்கச் சொன்னார். அந்த வரிசையின் முதல் கப்பல் கிங் ஜார்ஜ் ஐந்து.

இதை அக்கா பையனை வைத்துக்கொண்டு ஒவ்வொரு கப்பலாக நகர்த்தினேன். இடது ஓர வரிசை நேரே போகிறது. மற்ற ஐந்து வரிசைகளின் முதல் கப்பல்கள் இடப்பக்கம் திரும்புகின்றன. பின்னால் வருபவை அதே புள்ளிக்கு வந்ததும் திரும்புகின்றன. இரண்டாவது வரிசையின் முதல் கப்பல் ஒரு மைல் கடந்து முதல் வரிசையின் தடத்தைத் தொடும்போது, அந்த வரிசையும் ஒரு மைல் முன்னே போயிருக்கும். அந்த முதல் வரிசையின் நான்காவது கப்பல் எங்கே இருக்கிறது என்று ஸ்கேல் வைத்தேன். சரியாக 15.4 சென்டிமீட்டர் முன்னால். இடைவெளி தானாகவே வந்து உட்கார்ந்துவிட்டது! நான்கு கப்பலுக்கு இரண்டரை கேபிள் வீதம் பத்து கேபிள். பத்து கேபிள் என்றால் ஒரு மைல். வரிசைகளுக்கு நடுவே ஏன் ஒரு மைல் விட்டார்கள் என்பதற்குத் தரையிலேயே விடை கிடைத்தது.

"மாமா, எல்லாக் கப்பலும் ஒரே நேரத்துல திரும்பினா சீக்கிரம் முடிஞ்சிடுமே?" என்றான். திருப்பிப் பார்த்தோம். கப்பலுக்கும் கப்பலுக்கும் ஒரு மைல் இடைவெளியோடு நான்கு வரிசைகள் வந்தன. ஒரு வரிசை சுட்டால் குறுக்கே இன்னொரு வரிசை நிற்கும். அவனே பழையபடி அடுக்கி வைத்தான். முறைப்படி செய்தால் 18 நாட் (மணிக்கு 18 கடல் மைல்) வேகத்தில் கடைசிக் கப்பல் வரிசையில் சேர ஏறத்தாழ 20 நிமிடம் ஆகும். அவ்வளவு நேரமும் எதிரி சும்மா இருக்க மாட்டான் என்பதுதான் ஜெல்லிக்கோவின் தலைவலி.

இதற்குப் பிறகு எனக்குப் படுவது இது: கடலில் நகர்வது டிவிஷன்தான். ஸ்குவாட்ரன் என்பது பெரும்பாலும் அட்மிரல்களுக்கான ஏற்பாடு. ஒரு வைஸ் அட்மிரல் ஒரு டிவிஷனின் தலையில், அவருக்குக் கீழே ஒரு ரியர் அட்மிரல் இன்னொன்றின் தலையில். நான்காவது ஸ்குவாட்ரனில் ஸ்டர்டீ பென்போவில் இருந்தார். அடுத்தவரான டஃப்புக்கு மட்டும் அந்தத் தலை இடம் கிடைக்கவில்லை. அங்கே ஜெல்லிக்கோவே இருந்ததால் டஃப் வரிசையில் மூன்றாவதாக சூப்பர்பில் போனார்.

இதற்கு விலக்கு ஐந்தாவது பேட்டில் ஸ்குவாட்ரன். பார்ஹாம், வேலியன்ட், வார்ஸ்பைட், மலாயா என்று நான்கும் வேகமான ஒரே வகுப்பு. மலாயா, மலாய்க் கூட்டரசு பணம் கொடுத்துக் கட்டிய கப்பல். அந்தப் பணத்துக்குப் பின்னால் வெள்ளீயமும் ரப்பரும் உண்டு, ரப்பர் தோட்டத்தில் நம் ஆட்களின் உழைப்பும் உண்டு. மூன்றாவது பேட்டில்குரூஸர் (கவசம் குறைந்த, வேகமான பெரிய கப்பல்) ஸ்குவாட்ரன் பீரங்கிப் பயிற்சிக்காக ஸ்காப்பா ஃப்ளோ என்ற கடற்படைத் தளத்துக்குப் போனதால், அதற்குப் பதிலாக இந்த நான்கையும் பேட்டில்குரூஸர்களின் தலைவர் பீட்டியிடம் கொடுத்திருந்தார்கள். கடைசியில் இவை பெரிய வரிசையின் வாலில் போய் ஒட்டிக்கொண்டன. நான் இன்னும் இவற்றைச் செய்யவில்லை. வாலில் இடம் மட்டும் விட்டிருக்கிறேன்.

அப்புறம் ஃப்ளோட்டில்லா, அதாவது டெஸ்ட்ராயர் கூட்டம். டெஸ்ட்ராயர்கள் சின்னவை, தாழ்ந்த மேடை, குறைந்த ஆட்கள், கொடி சமிக்ஞை தூரத்திலிருந்து தெரியாது. அதனால் ஃப்ளோட்டில்லா முழுவதும் ஒரே கேப்டனின் கையில் இருக்கும். அவர் தன் அலுவலர்களோடு லீடர் எனும் பெரிய கப்பலில் இருப்பார், அல்லது ஒரு லைட் குரூஸரில் (டெஸ்ட்ராயரை விடப் பெரிய, பேட்டில்ஷிப்பை விடச் சிறிய கப்பல்). ஜெல்லிக்கோவிடம் 4, 11, 12 என மூன்று ஃப்ளோட்டில்லாக்கள். 11க்கு காஸ்டர் என்ற லைட் குரூஸர், 12க்கு ஃபாக்னர். நான்காவதற்கு டிப்பரரி லீடர், புரோக் துணை லீடர். ஃபாக்னர், டிப்பரரி, புரோக் மூன்றும் சிலிக்காகக் கட்டியவைதான். மாடலிலேயே வித்தியாசம் தெரிகிறது: சாதாரண டெஸ்ட்ராயர் 2.7 சென்டிமீட்டர், மூன்று புகைபோக்கி, டிப்பரரி 3.4, நான்கு புகைபோக்கி.

அன்றிரவு ஃப்ளோட்டில்லாக்களைப் பெரிய வரிசைக்கு ஐந்து மைல் பின்னால் நிறுத்தினார்கள். என் தரையில் மூன்று மீட்டருக்குச் சற்று அதிகம், மாடிச் சுவர் வரை போய்விடுகிறது. அங்கேதான் நான்காவது ஃப்ளோட்டில்லா ஜெர்மன் பேட்டில்ஷிப்களோடு முட்டிக்கொண்டது. டிப்பரரி தீப்பற்றியது, கேப்டன் வின்டூர் இறந்தார். துணை லீடர் என்ற முறையில் புரோக் முன்னால் வந்தது. அதுவும் அடி வாங்கி, சுக்கான் சிக்கிக்கொண்டு, ஸ்பாரோஹாக் என்ற டெஸ்ட்ராயர் மீது மோதியது. கான்டெஸ்ட் என்ற இன்னொரு டெஸ்ட்ராயர் வந்து அதே ஸ்பாரோஹாக் மீது இன்னொரு முறை மோதியது. பிறகு பொறுப்பு அக்கேட்ஸ் என்ற டெஸ்ட்ராயருக்குப் போனது. ஒருவர் போனால் அடுத்தவர் யார் என்பது முன்கூட்டியே தெரிந்திருந்ததால்தான் அந்தக் குழப்பத்திலும் ஒரு சங்கிலி நின்றது. ஆனால் எதிரி எந்தப் பக்கம் கடக்கிறான் என்ற தெளிவான செய்தி ஜெல்லிக்கோவுக்குப் போகவே இல்லை. சங்கிலி கீழ்நோக்கி வேலை செய்த அளவுக்கு மேல்நோக்கி வேலை செய்யவில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

அடுத்து 12வது ஃப்ளோட்டில்லா, பிறகு பார்ஹாமும் அதன் மூன்று துணைகளும். ஜெர்மன் பக்கம் டார்பிடோ படகு ஃப்ளோட்டில்லாவை அரை ஃப்ளோட்டில்லாக்களாக உடைத்து வைத்திருந்தார்கள். அதற்கு வேறு நிறப் புள்ளி வைக்க வேண்டும். ரீஃபிள் தீர்ந்துவிட்டது, பக்கத்துக் கடையில் மொத்தமாக வாங்கணும்.